கேட்பது யார், கேட்கப்படுவது யார்? ‘ஆர் ரிக்வெஸ்டட் டு’ எழுதும் முறை

‘சார், யூ ஆர் ரிக்வெஸ்ட் டு சேஞ்ச் மை அட்ரஸ்.’ வங்கி மேலாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தால் பலர் கைக்குத் தானாக வரும் வரி இது. எட்டே சொற்கள், இரண்டு தவறுகள். முதலாவது இலக்கணத் தவறு: ‘ரிக்வெஸ்ட்’ என்று நிற்பது ‘ரிக்வெஸ்டட்’ என்று இருக்க வேண்டும். அதைத் திருத்திய பிறகும் இரண்டாவது தவறு அப்படியே இருக்கும். எழுதியவர் மேலாளரிடம் வேண்டுகோள் வைக்கவில்லை; அவர் மேசைக்கு எதிரே ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டியிருக்கிறார்.

மதுரை ஜங்ஷனில் வண்டி நடைமேடை மாறும்போது ஒலிபெருக்கி பேசும் மொழி இது. பள்ளிச் சுற்றறிக்கையும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நோட்டீஸ் போர்டும் இதே மொழியைத்தான் பேசும். ‘பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று தமிழிலும் அதற்கு இணையான ஒரு தொடர் இருக்கிறது. ஆனால் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. வீட்டு வாசலில் ‘செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க’ என்றுதான் சொல்வோம். ‘படு’ சேர்ந்த வினை பேச்சில் அரிது. அலுவலகத் தாளிலும் பலகையிலும்தான் அது அதிகம் புழங்குகிறது. ஆங்கிலத் தொடரையும் காதில் விழுந்தபடி, எழுத்தில் பார்த்தபடி மொத்தமாக மனப்பாடம் செய்துகொள்கிறோம். எந்தத் துண்டு எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்காததால், ஓர் இடத்தில் மாற்ற வேண்டி வரும்போது சரிந்துவிடுகிறது.

பிரித்துப் பார்ப்போம். ‘ஆல் மெம்பர்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு அட்டெண்ட் த மீட்டிங்.’ எல்லா உறுப்பினர்களும் கூட்டத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதில் நான்கு துண்டுகள். கேட்கப்படுபவர் யார் என்பது முதலில்: ‘ஆல் மெம்பர்ஸ்’. அடுத்து அவருக்குப் பொருந்தும் ‘ஆம், ஈஸ், ஆர்’ வகைச் சொல். மூன்றாவது ‘ரிக்வெஸ்டட்’. கடைசியில் ‘டு’, அதையொட்டி எந்த விகுதியும் சேராத வினை. இந்த வரிசை மாறக்கூடாது, ஒரு துண்டும் விடுபடக்கூடாது.

அதிகம் விடுபடுவது மூன்றாவது துண்டின் வால்தான். ‘ரிக்வெஸ்ட்’ என்ற சொல் ‘டி’ (t) எழுத்தில் முடிகிறது. t, d ஒலிகளில் முடியும் வினைகளோடு ‘இ, டி’ (ed) சேரும்போது அது தனி அசையாக ஒலிக்கும்: ரி–க்வெஸ்–டட், மூன்று அசை. வேகமாகப் பேசுகையில் பின்னால் வரும் ‘டு’ இதன்மேல் ஏறி, ‘ரிக்வெஸ்-டு’ என்றே காதில் விழுகிறது. காதை நம்பி எழுதுகிறவர் வாலை விட்டுவிடுகிறார். ‘சப்போஸ்ட் டு’, ‘யூஸ்ட் டு’ ஆகியவற்றிலும் இதே விபத்துதான். அங்கே வால் தனி அசையாகக்கூட ஒலிக்காது என்பதால் இன்னும் எளிதில் தொலையும். எழுதி முடித்ததும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள்: ஆர், இ, கியூ, யு, இ, எஸ், டி, இ, டி. ஒன்பது எழுத்து. ஏழே இருந்தால் வால் இல்லை.

‘டு’வுக்குப் பின் வெறும் வினைதான். ‘டு அட்டெண்டிங்’ என்றோ ‘டு அட்டெண்டட்’ என்றோ எழுதக்கூடாது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று கடித முடிவில் எழுதிப் பழகியவர்கள் இங்கும் ‘இங்’ சேர்த்துவிடுவது உண்டு. அந்த ‘டு’ வேறு, இந்த ‘டு’ வேறு. அது ‘-ஐ நோக்கி’ என்ற பொருளில் பெயர்ச்சொல்லை எதிர்பார்ப்பது. இது செயலைச் சொல்ல வருவது.

இரண்டாவது துண்டைக் கேட்கப்படுபவரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்து அல்ல. வாசலை அடைத்து வண்டிகள் நின்றால், ‘தி ஓனர் ஆஃப் தி பைக்ஸ் பார்க்ட் நியர் தி கேட் ஈஸ் ரிக்வெஸ்டட் டு மூவ் தெம்’ என்று எழுத வேண்டும். ‘பைக்ஸ்’ பன்மை என்று கண் ஏமாந்து ‘ஆர்’ போட்டால் தவறு. கேட்கப்படுபவர் உரிமையாளர், அவர் ஒருவர். ‘ஈச்’, ‘எவ்ரி’ என்று தொடங்கினால் ‘ஈஸ்’. ‘ஆல்’ என்று தொடங்கி ஆட்களைச் சொன்னால் ‘ஆர்’. ‘யூ’ ஒருவரானாலும் ஊரே ஆனாலும் ‘ஆர்’தான். ‘தி பப்ளிக்’ என்பதற்கு இரண்டும் வழக்கில் உள்ளன. ஒரு தாளில் ஒன்றையே பின்பற்றினால் போதும்.

காலத்தைப் பொறுத்தவரை, அறிவிப்பில் நிகழ்காலம்தான் வரும், ஏனென்றால் கேட்கும் வேலையை அந்தத் தாளே அப்போதே செய்கிறது. ‘மெம்பர்ஸ் வில் பீ ரிக்வெஸ்டட் டு பே’ என்று எழுதினால் ‘பிறகு ஒருநாள் கேட்போம்’ என்றாகி, படித்தவர் பணம் கட்டாமல் காத்திருப்பார். ‘வேர் ரிக்வெஸ்டட்’ என்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டுக்கு உரியது: முன்பு நடந்த கூட்டத்தில் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

பொருள் தலைகீழாகும் இடம்

வால் விடுபட்டால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். இனி சொல்லப்போகும் தவறில் ஊகிக்க வழியில்லை, ஏனென்றால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பொருள் மட்டும் எதிர்த் திசையில் போய்விடும்.

‘ஐ ஆம் ரிக்வெஸ்டிங் யூ’ என்றால் நான் உங்களைக் கேட்கிறேன். ‘ஐ ஆம் ரிக்வெஸ்டட்’ என்றால் யாரோ என்னைக் கேட்டிருக்கிறார்கள். காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் சான்றிதழ் கேட்டு எழுதும் மாணவர் ‘ஐ ஆம் ரிக்வெஸ்டட் டு இஷ்யூ மை சர்ட்டிஃபிகேட்’ என்று எழுதினால், சான்றிதழ் வழங்குமாறு அவரையே யாரோ கேட்டுக்கொண்டதாக ஆகிறது. ‘யூ ஆர் ரிக்வெஸ்டிங் டு இஷ்யூ’ என்றாலும் அதே குழப்பம். அங்கே கேட்பவர் பதிவாளர் ஆகிவிடுகிறார். மாணவர் சொல்ல வந்தது ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு இஷ்யூ மை சர்ட்டிஃபிகேட்’.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. ‘சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்னும்போது ‘நான்’ என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வினையின் முடிவே சொல்லிவிடும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்றால் அதுவும் தன் ஆளைத் தானே காட்டும். ஆங்கில வினைக்கு அந்த வசதி கிடையாது. ‘ரிக்வெஸ்டட்’ என்ற சொல்லை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஆள் தெரியாது. முன்னால் நிற்கும் ‘ஐ ஆம்’, ‘யூ ஆர்’தான் ஆளைச் சொல்ல வேண்டும். ஆகவே எழுதும் முன் தமிழில் ஒரே ஒரு கேள்வி: கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார்? ‘ரிக்வெஸ்டட்’ வரும் வாக்கியத்தின் தலையில் நிற்க வேண்டியவர் கேட்கப்படுபவர்.

தமிழ் வேற்றுமையும் ஒரு கை பார்த்துவிடுகிறது. ‘தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்’ என்றும் சொல்வோம், ‘தங்களிடம் வேண்டுகிறேன்’ என்றும் சொல்வோம். முதலாவதின் ‘-ஐ’ உருபு ஆங்கிலத்துக்குப் பொருந்துகிறது: ‘ரிக்வெஸ்ட் யூ’. இரண்டாவதின் ‘இடம்’ மனதில் இருந்தால் கை ‘ரிக்வெஸ்ட் டு யூ’ என்று எழுதும். வினையாக வரும் ‘ரிக்வெஸ்ட்’டுக்கும் ஆளுக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது. அப்படி ஆளை நேராகத் தொடுவதால்தான் அந்த ஆளை எடுத்து வாக்கியத்தின் தலையில் வைத்து ‘யூ ஆர் ரிக்வெஸ்டட்’ என்று மாற்றவே முடிகிறது. ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று கடிதத் தலைப்பில் எழுதுவது சரிதானே என்று கேட்கலாம். சரிதான், அங்கே ‘ரிக்வெஸ்ட்’ பெயர்ச்சொல்: விடுப்புக்கான வேண்டுகோள். வினையானதும் அந்த ‘ஃபார்’ உதிர்ந்துவிடும்.

‘நாட்’ எங்கே நிற்கிறது என்பதும் பொருளைப் புரட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு ஓர் அறிவிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘டிவோட்டீஸ் ஆர் ரிக்வெஸ்டட் நாட் டு யூஸ் பிரஷர் பம்ப்ஸ்.’ பக்தர்கள் விசைப் பம்பு கொண்டு தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதே ‘நாட்’ ஒரு சொல் முன்னே நகர்ந்து ‘ஆர் நாட் ரிக்வெஸ்டட் டு யூஸ்’ என்றானால், ‘பயன்படுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை’ என்ற பொருள்தான் கிடைக்கும். தடையே போய்விட்டது. மறுப்பு எப்போதும் ‘ரிக்வெஸ்டட்’டுக்குப் பின், ‘டு’வுக்கு முன்.

மரியாதையின் திசை

இனி அந்த வங்கிக் கடிதத்தின் இரண்டாவது தவறு. ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’ என்பதில் மரியாதைச் சொல் இருப்பதால் பணிவான தொடர் என்று பலரும் நம்புகிறார்கள். வேண்டுகோள் என்ற சொல் இருப்பது உண்மைதான். ஆனால் கேட்பவர் வாக்கியத்தில் இல்லை. ‘ஐ’ மறைந்துவிட்டது. பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல் கேட்கும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு உண்டு. சங்கச் செயலாளர் உறுப்பினர்களிடமும், பள்ளி பெற்றோரிடமும், மாநகராட்சி வரி கட்டுவோரிடமும் அப்படிக் கேட்கலாம். ஒருவர் பலரிடம் கேட்கும்போதும், அலுவலகம் கீழ்நோக்கி எழுதும்போதும் இது இயல்பாக உட்காரும். தனி மனிதர் ஒரு தனி அதிகாரிக்கு எழுதும்போது இதே தொடர் விறைப்பாக, மேலிருந்து கீழே உத்தரவு போடுவதுபோல் ஒலிக்கிறது. எழுதியவர் கைகட்டி நின்று எழுதியிருப்பார். தாள் இடுப்பில் கைவைத்து நிற்கும்.

ஆகவே மேலாளருக்கும் தலைமை ஆசிரியருக்கும் துறைத் தலைவருக்கும் ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு’ என்று நேராக எழுதுங்கள். இன்னும் பணிவு வேண்டுமானால் ‘ஐ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ வுட் சேஞ்ச் மை அட்ரஸ்’. சின்ன விஷயமாக இருந்தால் ‘ப்ளீஸ் சேஞ்ச்’ என்பதே போதும், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எழுதுகிறவரே தலையில் நின்று ‘ரிக்வெஸ்டட்’ சரியாக வரும் ஓர் இடமும் உண்டு. அலுவலகம் உங்களிடம் ஆவணம் கேட்டு, நீங்கள் பதில் அனுப்புகிறீர்கள்: ‘ஐ வாஸ் ரிக்வெஸ்டட் டு சப்மிட் மை பாஸ்புக் காப்பி.’ கேட்டது அவர்கள், கேட்கப்பட்டது நீங்கள், திசை பொருந்துகிறது. இதையே சுருக்கி ‘ஆஸ் ரிக்வெஸ்டட் இன் யுவர் லெட்டர்’ என்று தொடங்கி, அந்தக் கடிதத்தின் தேதியைச் சேர்த்தால் கோப்பைத் தேடுகிறவருக்கும் வேலை குறையும்.

‘கைண்ட்லி’ என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அது படிப்பவரின் கருணையைக் குறிப்பது. ‘கைண்ட்லி சேஞ்ச் மை அட்ரஸ்’ என்றால் தயவுசெய்து மாற்றுங்கள். ‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ’ என்று எழுதினால் கருணை எழுதுகிறவரிடம் போய்விடுகிறது: நான் கருணையோடு கேட்கிறேன். நம் ஊரில் இது மிகப் பரவலாகிவிட்டது, பலர் குறையாகவும் எடுப்பதில்லை. என்றாலும் தவிர்ப்பது நல்லது. ‘ப்ளீஸ்’, ‘கைண்ட்லி’, ‘ரிக்வெஸ்ட்’ மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குவதால் பணிவு மூன்று மடங்கு ஆவதில்லை. ஒன்று போதும்.

எதிர்ப்பக்கத்தில், வேண்டுகோளே கூடாத இடங்களும் உள்ளன. அலங்காநல்லூர் வாடிவாசலில் பார்வையாளர் தடுப்பு வேலிக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விதி. அங்கே ‘ஸ்பெக்டேட்டர்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு ஸ்டே பிஹைண்ட் த பாரிகேட்’ என்று எழுதினால், விருப்பமிருந்தால் நில்லுங்கள் என்ற சாயல் வந்துவிடும். ‘மஸ்ட் ஸ்டே’ என்று எழுத வேண்டும், அல்லது அதே சட்டகத்தில் ‘ஆர் ரிக்வயர்ட் டு’. ‘ரிக்வெஸ்டட்’ வேண்டுகோள், ‘அட்வைஸ்ட்’ அறிவுரை, ‘ரிக்வயர்ட்’ கட்டாயம், ‘டைரக்டட்’ உத்தரவு, மேலதிகாரி கீழுள்ளவருக்கு எழுதுவது. சட்டகம் ஒன்றுதான், மூன்றாவது துண்டை மாற்றினால் எடை மாறும்.

‘இட் ஈஸ்’ என்று தொடங்கினால்

ஆளைத் தலையில் வைக்க விரும்பாதபோது ‘இட் ஈஸ் ரிக்வெஸ்டட் தட்’ என்று எழுதலாம். தெருவிளக்கு எரியவில்லை என்றால்: ‘இட் ஈஸ் ரிக்வெஸ்டட் தட் தி ஸ்ட்ரீட் லைட் பீ ரிப்பேர்ட்.’ இங்கே ‘தட்’டுக்குப் பின் வருவது ‘பீ’, ‘ஈஸ்’ அல்ல. ‘ஈஸ் ரிப்பேர்ட்’ என்றால் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டது என்ற செய்திபோல் படும். ‘மே பீ ரிப்பேர்ட்’ என்பது நம் அலுவலக வழக்கில் ஊன்றிப்போனது, அப்படி எழுதுவதில் தவறில்லை. ஆனால் ‘மே’யும் ‘பீ’யும் இரண்டு சொற்கள். சேர்த்து எழுதினால் ‘ஒருவேளை’ என்று பொருள்.

நீதிமன்ற மனுக்களின் முடிவில் வரும் வேண்டுகைப் பகுதியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்கிவருவதால், அங்கே தாக்கலாகும் ஆங்கில மனுக்களின் நகல்கள் இந்த வட்டாரத்தில் பலர் வீட்டில் இருக்கும். ‘இட் ஈஸ் பிரேட் தட் திஸ் ஹானரபிள் கோர்ட் மே பீ பிளீஸ்ட் டு’ என்று அதில் பார்த்திருப்பீர்கள். அது நீதிமன்றத்துக்கே உரிய மரபு. அந்த நடையை எடுத்து மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு எழுத வேண்டியதில்லை.

இந்த ‘இட் ஈஸ்’ எல்லா வினையோடும் சேராது என்பதுதான் இங்கே முக்கியம். ‘இட் ஈஸ் இன்ஃபார்ம்ட் தட் த ஸ்கூல் வில் பீ க்ளோஸ்ட் டுமாரோ.’ சுற்றறிக்கைகளில் அடிக்கடி வரும் இந்த வரி தவறு. தமிழில் ‘நாளை பள்ளிக்கு விடுமுறை எனத் தெரிவிக்கப்படுகிறது’ என்றால் நிறைவான வாக்கியம். யாருக்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, ஏனென்றால் ‘தெரிவி’ என்ற வினை செய்தியைத் தொடுகிறது. ஆங்கிலத்தின் ‘இன்ஃபார்ம்’ ஆளைத் தொடும் வினை. ‘இன்ஃபார்ம் த பேரண்ட்ஸ்’ என்று யாரையாவது தொட்டே ஆக வேண்டும். எனவே ‘படு’ வடிவத்துக்கு மாறும்போதும் அந்த ஆள்தான் தலைக்கு வர முடியும்: ‘பேரண்ட்ஸ் ஆர் இன்ஃபார்ம்ட் தட்’. இல்லாவிட்டால் ‘திஸ் ஈஸ் டு இன்ஃபார்ம் யூ தட்’. ‘டோல்ட்’டும் இப்படித்தான்: ‘இட் வாஸ் டோல்ட் தட்’ கூடாது, ‘ஐ வாஸ் டோல்ட் தட்’ என்று எழுத வேண்டும். ‘சே’ செய்தியைத் தொடும் வினை என்பதால் ‘இட் ஈஸ் செட் தட்’ சரி. ‘ரிக்வெஸ்ட்’ இரண்டையும் தொடும்; அதனால்தான் ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’, ‘இட் ஈஸ் ரிக்வெஸ்டட் தட்’ இரண்டுக்கும் இடமிருக்கிறது. புதிய வினை எதையாவது இந்தச் சட்டகத்தில் போட நினைத்தால் முதலில் ‘ஐ’ என்று தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். வினைக்கு அடுத்து வந்து நிற்பது ஆளா செய்தியா என்று தெரிந்துவிடும். அதையே தலைக்குக் கொண்டு போகலாம்.

ஒரு நோட்டீஸ், முழுதாக

வில்லாபுரத்தில் ஒரு குடியிருப்பு. மேல்நிலைத் தொட்டி கழுவ வேண்டும். செயலாளர் எழுதியது இது: ‘ரெசிடெண்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்ட் பை 14 மார்ச் டு ஸ்டோரிங் வாட்டர் அண்ட் கோஆப்பரேட். இட் ஈஸ் இன்ஃபார்ம்ட் தட் டேங்க் க்ளீனிங்.’

வாலையும் ‘இங்’கையும் திருத்துவது எளிது. ‘பை’ வந்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். இந்தச் சட்டகத்தில் ‘ரிக்வெஸ்டட்’டை ஒட்டி வரும் ‘பை’ கேட்பவரைக் காட்டும்: ‘ரிக்வெஸ்டட் பை த செக்ரட்டரி’, செயலாளரால் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தேதியையும் அங்கேயே சொருகினால் கண் தடுக்கும். கெடு வாக்கியத்தின் கடைசியில் போகட்டும். இன்னொரு கோளாறு, ‘கோஆப்பரேட்’. எதைச் செய்தால் ஒத்துழைப்பு என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘டு’வுக்குப் பின் வரும் வினை கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்: பிடித்து வை, மூடு, கட்டு, கையெழுத்திடு. செய்தி முன்னால், வேண்டுகோள் பின்னால் என்று வரிசையையும் மாற்றினால் இப்படி அமையும்:

‘தி ஓவர்ஹெட் டேங்க் வில் பீ க்ளீன்ட் ஆன் சண்டே, 15 மார்ச், ஃப்ரம் 9 ஏ.எம். டு 1 பி.எம். தேர் வில் பீ நோ வாட்டர் சப்ளை டியூரிங் திஸ் டைம். ரெசிடெண்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு ஸ்டோர் வாட்டர் பை சாட்டர்டே ஈவ்னிங் அண்ட் டு கீப் ஆல் டேப்ஸ் க்ளோஸ்ட்.’

‘இட் ஈஸ் இன்ஃபார்ம்ட்’ தேவையே இல்லாமல் போனதைப் பாருங்கள். செய்தியைச் சொன்னாலே தெரிவித்ததுதான். இரண்டு வேலைகள் சொல்லும்போது இரண்டாவது வினைக்கு முன்னும் ‘டு’ வைத்திருப்பது தெளிவுக்காக. வைக்காவிட்டாலும் பிழையில்லை. மூன்று வேலைக்கு மேல் போனால் வாக்கியத்தை உடைத்துவிட வேண்டும்.

கீழே கையெழுத்தும் பதவியும் கட்டாயம் வேண்டும். ‘ரெசிடெண்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்டட்’ என்ற வாக்கியத்துக்குள் கேட்பவர் இல்லை. அந்தத் தாளில் அவர் இருக்கும் ஒரே இடம் கையெழுத்து. அது இல்லாத நோட்டீஸைப் படிப்பவர், குழாயில் தண்ணீர் வராதபோது யார் கதவைத் தட்டுவது?